பெயர் வைக்காத பங்க் குழு

எங்கள் குழுவில் மூன்று பேர். கிற்றார் வாசித்தவர் காத்தான்குடியில் றேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரை நானா என்போம். தாளம் அடித்தவள் மாங்கேணிக்காரி, மட்டக்களப்பு நகரத்தில் விடுதியில் தங்கித் தையல் படித்தவள். பாடியவள் நான், பெரியகல்லாற்றில் முன்பள்ளி ஆசிரியை. நான் பாடினேன் என்பதை என் ஊரில் இன்றைக்கும் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. கத்தினவள் என்பார்கள். அதுவும் சரிதான்.

கடல் வந்துபோனதற்கு முன்னால் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் அறியோம். அந்த மார்கழியில் அம்மாவைப் புதைத்துவிட்டு நானும் அப்பாவும் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் அமைந்த முகாமில் இருந்தோம். உலகம் முழுவதிலும் இருந்து உடுப்புகள் வந்து மலையாகக் குவிந்தன. எல்லாமே பெரிய உடம்புக்காரர்களின் உடுப்புகள். அவற்றை எங்கள் அளவுக்குச் சிறுப்பிக்க மாங்கேணிக்காரி தையல் மெசினோடு வந்திருந்தாள். ஒரு மெசினால் எத்தனை பேருக்குத் தைப்பது? மிச்சப் பேருக்கு ஊக்கு குத்தி அனுப்பினாள். தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு. முகாமில் ஊக்கு குத்தாத மனிதர் இல்லை.

நானா வந்தது றேடியோக்களுக்காக. கடல்நீர் குடித்த றேடியோக்களை வாங்கி நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பாட வைத்துத் திருப்பித் தருவார். பாதிதான் பாடும். மற்றப் பாதியை உடைத்து உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்துவார்.

சில மாதங்களில் படகுகள் வந்தன. உதவி நிறுவனம் ஒன்று எங்கள் ஊருக்கும் கொடுத்தது. வெள்ளை நிறம், பக்கத்தில் கொடுத்தவர்களின் பெயர், பார்க்க அழகு. அப்பா தனக்குக் கிடைத்ததை ஆற்றில் இறக்கிப் பார்த்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கரையைத் தாண்டுவதற்குள் அது ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் வெடிப்பு விட்டு, மெல்ல உள்ளே போனது. அப்பா நீந்திக் கரைக்கு வந்து, நனைந்த சாரத்தைப் பிழிந்தபடி சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மற்றவர்களின் படகுகளும் அப்படித்தான். சிலர் அவற்றைக் கவிழ்த்து வைத்துக் கோழி அடைத்தார்கள்.

அதே கிழமைதான் நிறுவனத்தின் அதிகாரி என்னிடம் வந்து, கையளிப்பு விழாவுக்குப் பிள்ளைகளிடம் ஒரு நன்றிப் பாட்டுப் பழக்கித் தரும்படி கேட்டார். விழா இன்னும் நடக்கவில்லையாம். படகு கொடுத்தது கணக்கில் வர, பெரியவர்கள் வந்து படம் எடுக்க வேண்டுமாம். தட்டச்சு செய்த பாட்டையும் தந்தார். அதில் கொடுத்தவர்கள் எல்லாரும் தெய்வங்கள்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பாடினேன்.

"ஓட்டைப் படகு தந்த ஐயா, ஒருக்கா ஏறிக் காட்டுங்க. ஏறிக் காட்டி இறங்கி வந்தா, எங்கட நன்றி வாங்குங்க."

றேடியோ கழுவத் தண்ணீருக்கு வந்த நானா வாளியோடு நின்று கேட்டார். பிறகு, "இந்தப் பாட்டுக்குப் பொருத்தமா என்ட்ட ஒரு சத்தம் கிடக்கு, தங்கச்சி," என்றார்.

அவர் சொன்ன சத்தத்தை மறுநாள் கேட்டேன். பழைய கிற்றார் ஒன்றில், செத்த றேடியோவின் காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுற்றிப் பொருத்தியிருந்தார். அதைத் தன் ஆம்பிளிபயரோடு இணைத்து, கடல்நீரில் ஊறிக் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றில் விட்டார். தொட்டதும் அது கர் என்று உறுமியது. நல்ல ஸ்பீக்கர் போட்டால் என்ன என்று கேட்டேன். நல்ல ஸ்பீக்கரில் இந்தப் பாட்டுப் பொய்யாகிவிடும் என்றார். முகாமில் தண்ணீர் நிரப்பத் தந்த நீல பிளாஸ்ரிக் பரல்கள் இரண்டையும் பிஸ்கற் தகர மூடி ஒன்றையும் மாங்கேணிக்காரி எடுத்து வந்தாள். அவளுக்குத் தாளம் யாரும் பழக்கவில்லை. மெசின் மிதித்த கால் அவளுடையது. அந்த வேகத்திலேயே அடித்தாள்.

கடற்கரைப் பக்கம் கூரை போன வீடு ஒன்று நின்றது. கடலுக்கு இத்தனை தூரத்துக்குள் யாரும் திரும்பக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்ததால் அங்கே ஒருவரும் வருவதில்லை. பின்நேரங்களில் அதற்குள் பழகினோம்.

விழா நாள் வந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஸ்பீக்கர்களும், அவற்றை இயக்க ஒரு இளைஞரும் வந்திருந்தார்கள். தானும் கொழும்பில் றொக் குழு ஒன்றில் வாசிப்பவர் என்று நானாவிடம் சொல்லிக்கொண்டார். நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயருக்குப் பதிலாக 'நன்றிப் பாடல்' என்று மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பதிலாக நாங்கள் மூவரும் மேடைக்கு ஏறினோம். முதல் வரியிலேயே கூட்டம் அமைதியாகிவிட்டது. இரண்டாவது வரியில் பின்னால் நின்ற மீனவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அப்பா எழுந்து நின்று, 'ஏறிக் காட்டுங்க' என்ற இடத்தில் கூடப் பாடினார். பிறகு அந்த வரிசை முழுக்க எழும்பிவிட்டது. மாலை போட்டிருந்த பெரியவர் மொழி விளங்காமல் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதுக்குள் ஏதோ சொன்னதும் கை நின்றது.

ஸ்பீக்கர் இளைஞர் மின்சாரத்தை நிறுத்தினார். கிற்றார் செத்தது. மாங்கேணிக்காரி நிறுத்தவில்லை. பரலை இன்னும் பலமாக அடித்தாள். ஒலிவாங்கி இல்லாத குரலில் நான் முழுப் பாட்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் அந்த நிறுவனத்தில் தொண்டராக இருந்த வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பங்க், பங்க்" என்றாள். கொழும்பு இளைஞர் மறுத்தார். இது பங்க் இசை இல்லையாம். பங்க் என்றால் அதற்கென்று ஒரு வேகம், ஒரு உடுப்பு, ஒரு தலைமயிர், ஒரு வரலாறு இருக்கிறதாம். பூ வைத்துப் பின்னல் பின்னிய பெண்கள் பங்க் ஆக முடியாதாம். எங்களை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு எங்களைப் பற்றி இரண்டு பேரும் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். அரைகுறையாக விளங்கியதை நான் மாங்கேணிக்காரிக்குச் சொன்னேன்.

அவள் வியர்வையைத் துடைத்தபடி, "என்ன பங்கு கா? ஆருக்குப் பங்கு? நமக்கு ஒண்டும் தரல்லயே," என்றாள்.

சிரிப்பு ஓய்ந்த பிறகும் அந்தச் சொல் எங்களோடு ஒட்டிக்கொண்டது. நானா காத்தான்குடியில் கணினிக் கடைக்குப் போய்த் தேடிப் படித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கிற்றாரில் மூன்று கோர்ட் பிடிக்கத் தெரிந்தால் போதுமாம். எங்களிடம் இரண்டுதான். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லையாம். அதில் நாங்கள் முதலிடம். உடுப்பில் ஊக்கு குத்துவார்களாம். அதைக் கேட்டதும் நாங்கள் மூவரும் ஒருவர் உடுப்பை ஒருவர் பார்த்தோம். அவருடைய சட்டையிலேயே இரண்டு ஊக்கு இருந்தது. பங்க் தொடங்கிய வெள்ளைக்கார ஊர்களில் அழகுக்குக் குத்தினார்களாம். நாங்கள் உடுப்பு விழாமல் இருக்கக் குத்தினோம். இதில் யார் அசல், யார் நகல் என்று கொழும்பு இளைஞர் வந்து சொல்லட்டும் என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு நிறுவனங்கள் எங்களைக் கூப்பிடவில்லை. என்னுடைய முன்பள்ளி வேலையும் போயிற்று. ஆனால் மீனவர் சங்கக் கூட்டங்களுக்கும் கோயில் வீதிக்கும் கூப்பிட்டார்கள். பாட்டுகள் கூடின. கடற்கரையில் கட்டாதே என்றவர்கள் அதே கரையில் உல்லாச விடுதி கட்ட இடம் கொடுத்ததைப் பாடினோம். இராணுவச் சோதனைச் சாவடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வதைப் பாடினோம்.

நானாவுக்கு அவருடைய ஊரில் புத்திமதி சொல்ல ஆட்கள் வந்தார்கள். தமிழ்ப் பெட்டைகளோடு என்ன கூத்து என்றார்கள். என் ஊரில் என்னிடமும் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். இரண்டு ஊரும் ஒன்றுபட்ட விஷயம் இது ஒன்றுதான் என்று நானா சொல்லுவார். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாளும் பழக வராமல் இருந்ததில்லை.

ஆயுதம் வைத்திருந்தவர்களும் வந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பல குழுக்கள். யார் யாருடைய ஆள் என்று கேட்பதே ஆபத்து. மோட்டார் சைக்கிளில் வந்த இருவரும் சுத்தமான தமிழில், தங்களுக்காக இரண்டு பாட்டு வேண்டும் என்றார்கள். எங்களிடம் ஓட்டைப் படகுப் பாட்டுத்தான் இருக்கிறது என்றேன். சொல்லை மாற்றிப் பாடு என்றார் ஒருவர்.

"சொல்ல மாத்தினா அது உங்கட பாட்டு," என்றேன். "உங்கட பாட்ட நீங்கதான் பாடணும்."

அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். அவர்கள் அப்பாவைப் பார்த்து, பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டொரு நாள் கழித்துக் கடற்கரை வீட்டுக்குப் போனபோது ஒரு பரலில் துவக்குச் சூட்டு ஓட்டை இருந்தது. மாங்கேணிக்காரி பரலைப் புரட்டிப் பார்த்தாள், ஒரு தரம் தட்டினாள். "இப்பதான் சத்தம் நல்லா வருது," என்றாள்.

அவளுக்கு அதைவிடப் பெரியது வந்தது. வாகரைப் பக்கம் சண்டை தொடங்கி, மாங்கேணியிலிருந்து அவளுடைய வீட்டார் காட்டாலும் கரையாலும் நடந்து எங்கள் பக்க முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். தாயும் தகப்பனும் வந்தார்கள். தம்பி வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை ஆயுதக்காரர்கள் தங்கள் படைக்கென்று வழியில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வடக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அன்றும் அவள் பழக வந்தாள். நான் பாடவில்லை, நானா கிற்றாரை எடுக்கவில்லை. அவள் மட்டும் அடித்தாள். கை தோல் உரியும்வரை அடித்துவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

யுத்தம் முடிந்தது என்ற செய்தி வந்த மே மாதத்தில் தெருவெங்கும் கொடி கட்டினார்கள். சாவடியில் வெற்றியைக் கொண்டாடப் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்காமல் போனால் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து வாங்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டவர்களை எனக்குத் தெரியும். எங்களைத் தேடி நானாவின் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அரசியல்வாதியின் ஆள், மற்ற இருவரும் சீருடை இல்லாமல் சிவில் உடுப்பில் இருந்தார்கள். நானும் மாங்கேணிக்காரியும் அப்போது அங்கேதான் இருந்தோம். மறுநாள் வெற்றி விழா, உள்ளூர்க் கலைஞர்கள் எல்லாரும் மேடையேற வேண்டும், நீங்கள் சந்தோசமான பாட்டாக வாசியுங்கள் என்று அரசியல்வாதியின் ஆள் சொன்னார். கேள்வி மாதிரி இல்லை.

நானா சரி என்று தலையாட்டினார். சாமான் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று ஆம்பிளிபயரை மேசைக்கு எடுத்தார். அது அவர் தன் கையால் கட்டியது, கடையில் விலைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மறுத்தது. பின்பக்கத்தைத் திறந்து, பியூசைக் கழற்றி, அந்த இடத்தில் தடித்த கம்பி ஒன்றை முறுக்கினார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு எதையோ எதனோடோ தொட்டுவிட்டு ஆளியைப் போட்டு மின்சாரம் விட்டார். டப் என்றது. கடை முழுக்கக் கருகல் மணமும் புகையும். இருமிக்கொண்டே அவர்களிடம், "போயிற்று சேர். இனி ஒண்டும் செய்யேலா," என்றார்.

சிவில் உடுப்புக்காரர் ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. நானா குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அரசியல்வாதியின் ஆள் மாங்கேணிக்காரியின் பக்கம் திரும்பினார். பரலுக்குக் கரண்ட் தேவையில்லைத்தானே, நீ அடி, அது போதும் என்றார்.

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "என்ட தம்பி எங்க எண்டு சொல்லுங்க. சொன்னா அடிக்கிறன்."

அவர் அவளையே பார்த்தார். சிவில் உடுப்புக்காரர்கள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவர் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கும் காணாமல் போனவர் யாராவது இருந்திருக்கலாம், அல்லது நேரம் போகிறது என்று நினைத்திருக்கலாம். இவர்கள் சரிவர மாட்டார்கள் என்று சிங்களத்தில் சொல்லி அவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நான் விளக்கை அணைத்துவிடுவேன். ஆனால் நாங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. நானா மூன்றாம் நாளே கடையைத் திறந்தார். விழாவில் வேறு யாரோ வாசித்தார்கள்.

குழு அதோடு கலைந்தது. நானா கட்டாருக்குப் போய்க் குளிரூட்டி திருத்துகிறார். மாங்கேணிக்காரி தம்பியைத் தேடி, யுத்தத்தில் சரணடைந்தவர்களை வைத்திருந்த தடுப்பு முகாம் தடுப்பு முகாமாக அலைந்தாள். கிடைக்கவில்லை. இப்போது காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் இருக்கும்போது அவளும் தம்பியின் படத்தோடு போய் இருக்கிறாள். நானும் கூட இருந்திருக்கிறேன். கத்தத் தெரிந்த ஆள் அங்கே தேவை.

போன வருடம், இந்த நாட்டின் றொக் குழுக்களைப் பற்றி எழுதுகிற ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். மரியாதையான மனிதர். பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்களுக்கு ஒலிப்பதிவு இல்லை, குழுவுக்குப் பெயர் இல்லை, பங்க் என்று தெரிந்து செய்யவும் இல்லை, ஆகவே பங்க் என்று சேர்ப்பது கஷ்டம் என்றார்.

பெயர் வைத்திருந்தால் சாவடியில் கேட்டிருப்பார்கள் என்றேன். ஒலிப்பதிவு செய்திருந்தால் அதை யாரோ ஒருவரின் வீட்டில் கண்டெடுத்து அந்த ஆளைக் கொண்டுபோயிருப்பார்கள். உங்கள் பட்டியலில் உள்ளவர்கள் திட்டிப் பாடிய ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாரா? பாடி முடித்து அவர்கள் அதே ஊரில், அந்த ஆளின் வண்டி போகிற அதே தெருவில், மறுநாள் பாண் வாங்கப் போனார்களா? போனார்கள் என்றால் அவர்களும் பங்க்தான், சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தலைமயிரை எப்படி வெட்டினாலும் எனக்குக் கவலையில்லை.

அவர் அதை எழுதிக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை. அன்று பின்நேரம் மாங்கேணிக்காரிக்குப் போன் எடுத்து, நாங்கள் பங்கில் சேர மாட்டோமாம் என்று சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்திச் சத்தம் கேட்டது.

"அவர் ஆரு கா நம்மளச் சேக்கிறதுக்கு?" என்றாள். பிறகு, வருகிற கிழமை தாய்மார் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் போய் இருக்கப் போகிறார்கள், பொலிஸ் அனுமதி தரவில்லை, எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டாள்.