உயிரோடு இருந்த மாமாவுக்குப் படையல்

என் மாமா தன் படையலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். பல்கலைக்கழகத்தில் தோழிகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. செத்தவர்களுக்குத்தானே படைப்பார்கள் என்றார்கள். அன்றைக்கு அம்மாவும் அதைத்தான் கேட்டார். மாமா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு நாங்கள் கோலா சிலாங்கூர் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தபோது அவரும் எங்களோடு வந்துவிட்டார். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கையில் அவர் வயிற்றில் கட்டி வந்தது. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டியது. கட்டி மட்டும் திரும்பி வந்தது. இனிமேல் மருந்து ஏற்றினாலும் பெரிதாகப் பயன் இருக்காது, வேண்டுமென்றால் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதில் முதல் பாதியை மாமா எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியை அம்மா பிடித்துக்கொண்டார்.

"போதும்லா அக்கா. வீட்லயே இருந்துக்கறேன்."

"வாய மூடு. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவ காரு வருது."

மாமா வாயை மூடிக்கொள்வார். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தோட்டத்தில் தாத்தாவும் பாட்டியும் இருட்டோடு பால்மரம் சீவப் போய்விட, அவரைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தது அம்மாதான். அப்போது அம்மாவுக்கே பத்து வயதுதான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை தாத்தாவின் நினைவு நாள். ஹாலில் தாத்தா படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சூடம் காட்டினோம். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். தாத்தா வந்து சாப்பிட வேண்டுமல்லவா? கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சாப்பிடுகிறவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமாவால் எழுந்து வர முடியவில்லை. அவரை மட்டும் ஹாலிலேயே மெத்தையில் விட்டுவிட்டு வந்தோம்.

திறந்து உள்ளே போனதும் மாமா சொன்னார், "அப்பா வந்தாரு. எறாலத் தொடக்கூட இல்ல. எறா சாப்ட்டா அவருக்கு ஒடம்பு பூரா தடிச்சிரும், மறந்துட்டியா? வருசா வருசம் வெக்கிற."

"அப்பாவுக்கு எறான்னா உசுரு," என்றார் அம்மா.

"அது ஒனக்கு."

என் அப்பா சிரித்துவிட்டார். அம்மா பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. மாமா விடவில்லை. "நாள பின்ன எனக்கும் இப்பிடித்தான் எதையாச்சும் வெச்சிட்டுப் போவ. என்னோடத இப்பவே போட்டுக் காட்டுக்கா. சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்."

"உசுரோட இருக்கறவனுக்கு யாராச்சும் எல போடுவாங்களா?" என்று கேட்ட அம்மா, பதிலுக்கு நிற்காமல் தாத்தாவின் இலையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். 

எனக்கோ அது அருமையான யோசனையாகப் பட்டது. பிறந்தநாள் மாதிரிதானே, இதில் அழ என்ன இருக்கிறது? மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, என்னென்ன வேண்டும் என்று மாமாவிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் நச்சரித்து அப்பாவை மோட்டார் சைக்கிளில் கிளப்பினேன். தஞ்சோங் காராங் ரோட்டோரக் கடையில் மாம்பழம், திரும்பி வரும் வழியில் பட்டணத்தில் மீ கோரெங் நூடுல்ஸ், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் மைலோ. வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மைலோ கரைந்துவிடும், வேகமாகப் போங்கள் என்று அப்பாவின் முதுகைத் தட்டினேன். அவர் வேகமாகப் போகவில்லை.

பைகளைப் பார்த்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதெல்லாம் கடைல வாங்கினது," என்றார் மாமா. "நீ ஒன்னே ஒன்னு செய்யணும்க்கா. கிச்சாப் சோறு."

சுடுசோற்றில் கறுப்புக் கிச்சாப்பை, அதாவது சோயா சாஸை ஊற்றி, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டால் கிச்சாப் சோறு. பத்து வயதுப் பிள்ளைக்கு லயத்து அடுப்பில் செய்யத் தெரிந்த சமையல் அதுதான். அம்மா உள்ளே போனார். பிறகு சமையலறையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

இலையை அம்மாவே விரித்தார். "சூடமெல்லாம் கெடையாது," என்றார் கண்டிப்பாக.

"சரி. ஆனா கதவச் சாத்தணும். எல்லாரும் வெளிய போங்க."

போனோம். கார் நிறுத்தும் இடத்தில் வெயில் சுட்டது. அப்பா சிகரெட்டைப் பற்ற வைத்தார். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். போதுமான நேரம் ஆனதும் தட்டினார். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினார்.

"தம்பி?"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மாமாவைத் தெரியும். சிரிப்பு வெளியே வராமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கதவை நோக்கி வந்தார். அம்மா கையை நீட்டி அவரைத் தடுத்தார். கதவைத் திறக்கவும் இல்லை, மறுபடி தட்டவும் இல்லை. உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"இன்னும் சாப்ட்டு முடிக்கலலா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவுக்கு இன்றைக்கு நல்ல திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மா கையை எடுக்காமலேயே, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலக் கதவோடு பேசினார். "மெதுவா சாப்டு தம்பி. அவசரமில்ல."

பிறகு நாங்கள் உள்ளே போனபோது, எந்தப் படையலையும்போல அதுவும் வைத்தபடியே இருந்தது. முட்டையின் ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு குறைந்திருந்தது. மாமாவின் உதட்டில் கிச்சாப் கறை. அவ்வளவுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து, எனக்கும் அப்பாவுக்கும் கையில் உருண்டை கொடுத்தார். தானும் சாப்பிட்டார்.

"எப்பிடிக்கா இருக்கு?"

"கிச்சாப் கொஞ்சம் கூடிப்போச்சி."

"அன்னிக்கு லயத்துலயும் அப்பிடித்தான் இருக்கும்," என்றார் மாமா.

திங்கட்கிழமை விடிந்ததும் கார் வந்தது. நான் பள்ளிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்குப் போய் டிரைவரிடம் ஏதோ பேசினார். கார் வெறுமனே திரும்பிப் போனது. "அவன் வீட்லயே இருக்கட்டுங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கப் போனார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோயாளிகள்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போக வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? பள்ளி வேனில் சொன்னேன், வகுப்பில் சொன்னேன், இடைவேளையில் வேறு வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப்போயும் சொன்னேன். மதியம் எங்கள் வாசலில் என்னை இறக்கிவிட்ட வேன்காரம்மா, அம்மாவைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பிக்கு நல்லாயிருச்சாமேக்கா? பாப்பா சொன்னிச்சு."

அம்மா என்னைப் பார்த்தார். தான் சொல்லுமுன் நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்று கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆமா," என்றார். "நல்லாருக்கான்."

ஆக, என் செய்தி சரிதான். இன்னும் சொல்லாமல் மிச்சமிருந்தது மாமாவிடம் மட்டும்தான். பையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் உள்ளே ஓடினேன்.