என் மகளின் ஞாயிற்றுக்கிழமை

என் மகள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் உதவித் தாதி. தொழிலாளர் குடியிருக்கும் ஆறு லயங்களுக்கும் அவள் ஒருத்திதான். ஞாயிறு ஓய்வு என்று பெயர். அன்று நான் பிரிஞ்சாங் சந்தைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் சோறு ஆறிக் கிடக்கும்; வீடு தேடி நோயாளிகள் வந்துபோயிருப்பார்கள்.

இன்னொரு தாதி வேண்டும் என்று துரையிடம் கேட்டேன். எங்கள் மேனேஜரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம்.

"லீவு நாள்லயும் ஆள் வருதுன்னு காட்டுங்க கிராணி. மேலிடத்துல நான் பேசுறேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முப்பத்தொரு வருடம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக எண்ணியே பிழைத்தவன் நான்!

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகவில்லை. காலை ஏழுக்கே வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு, நோட்டுடன் உட்கார்ந்தேன். பதினொன்றே முக்கால் வரை வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர். கணக்கைப் பார்க்கப் பன்னிரண்டுக்கு வருவதாகத் துரை சொல்லியிருந்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன்.

உள்ளே நிற்க இடமில்லை! வெந்த கை, வீங்கிய கால், இருமும் குழந்தை. என் வயதுக்காரர் ஒருவரின் முழங்காலில் மகள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் எல்லாரும் பின்னால வர்றீங்க?" என்று கத்தினேன்.

"பிள்ளைக்கு இன்னிக்கி லீவு லா, ஐயா. முன்வாசல்ல வந்து கூப்பிட்டா மரியாதையா?" என்றார் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர்.

"நீங்க வேற கங்காணி மாதிரி அங்க குந்தியிருக்கீங்க!" என்றார் கட்டுக்காரர். ஒரே சிரிப்பு.

ஆறு பேர் வரை எண்ணியிருப்பேன், துரையின் கார் சத்தம். ஓடிப்போய்த் துரையை வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் அழைத்து வந்தேன்.

மகளைத் தவிர சமையலறை காலி! லீவு நாளில் மருந்து கொடுத்ததற்குப் பிள்ளைக்குத் திட்டு விழும் என்று பயந்து, அத்தனை பேரும் முன்வாசல் வழியாக நழுவியிருந்தார்கள்.

துரை பின்வாசற்படியின் கீழே பார்த்தார். செருப்புகள், சேறு படிந்த ரப்பர் பூட்சுகள். குனிந்து விரல் நீட்டி எண்ணினார்.

"பதினொரு ஜோடி."

"பன்னெண்டு, துரை! பூட்சுக்கு அடியில ஒண்ணு. எங்க வீட்டுது ஒண்ணுகூட இங்க இல்ல!"

அவர் படம் பிடித்து, அங்கேயே நின்று மேலிடத்துக்குப் பேசினார். பேசி முடித்ததும், "அடுத்த மாசம் இன்னொரு தாதி வர்றாங்க," என்றார். நான் அவர் கையை விடவே இல்லை.

மகள் முன்வாசலுக்கு ஓடினாள்.

"மாமா, கட்டு பாதியில தொங்குது! எல்லாரும் உள்ள வாங்க, துரை ஒண்ணும் சொல்லல!"