மதினிக்கு மிஞ்சிய சொல்

கண்ணாடியில் வைத்த மதினியின் இடது கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விரல்களை விரித்து, வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஆள் நீளத்துக்கு ஒரு மீன். இந்தப் பக்கம் மதினி. வலது கை சும்மா தொங்கியது.

மதினி என் அண்ணன் மனைவி. செல்லூரில் எங்களுக்கு ஒரே வீடு. அவர்கள் கீழே, நான் மாடியில். நான் தறி ஓட்டுகிறவன். அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே குறைத்துக்கொண்டேன். எனக்கும் சேர்த்து மதினிதான் பேசுவார். எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். காய்காரராக இருந்தாலும் சம்பந்தியாக இருந்தாலும் முதலில் மறுப்பார், பிறகுதான் பேச்சே தொடங்கும். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. கால் மெல்லத் தேறியது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. சரி. பசிக்கிறதா? சரி. வலிக்கிறதா? சரி. வேண்டாம் என்று தலையை ஆட்டுவார், வாய் சரி என்று சொல்லும். அது தெரிந்து அவரே அழுவார். பேச்சு வரலாம், வராமலும் போகலாம், வீட்டுக்குள் அடைத்து வைக்காமல் நாலு இடம் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர்.

அண்ணன் வேன் ஓட்டுகிறவர். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், ஜன்னலுக்கு மதினியின் பழைய சேலை. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

"என்ன மாப்ள, கேரவன்லாம் ரெடியாகுது? சூட்டிங் எங்க?"

"கதாநாயகிக்கு இப்பத்தான் நேரம் கெடச்சிருக்கு மாமா. வாரோம்" என்றார் அண்ணன்.

மெத்தையில் இருந்த மதினி சரி என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி என்று சுற்றினோம். கண்மாய்க் கரையில் வேனை நிறுத்திச் சோறு பொங்கினோம். அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கோயிலைக் காட்டினார், மாட்டுச் சந்தையைக் காட்டினார், வேண்டுமென்றே ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சரிதான். திரும்பி வருகையில் அண்ணனும் பேச்சை நிறுத்திவிட்டார். ரிங் ரோட்டு ஓரம் பெரிய மீன் காட்சியகம் தெரிந்தது. வீட்டுக்குப் போயிருவோம்டா என்றார். மதினி மீன் என்றால் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பார்த்துட்டுப் போவோம்ணே என்றேன். அந்தப் பயணத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.

உள்ளே கண்ணாடிச் சுரங்கம். தலைக்கு மேலும் தண்ணீர். அங்கேதான் மதினி அந்தப் பெரிய மீனைக் கண்டு நின்றார். கண்ணாடியில் கை வைத்ததும் விசில் சத்தம். காவலுக்கு நின்ற அம்மா வேகமாக வந்தார்.

"ஏக்கா, கையை எடுங்க. எம்புட்டுத் தடவ சொல்றது?"

மதினி அவரை மேலும் கீழும் பார்த்தார். வாய் கோணியது.

"கிலோ... எம்புட்டு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "நல்லாக் கேட்டீக போங்க! இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்றார் காவல்கார அம்மா.

அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஒரு வெல சொல்லும்மா. ஒடம்புக்கு முடியாம இம்புட்டு நாளா பேச்சே இல்ல. ஏதாச்சும் ஒரு வெல சொல்லு."

அந்த அம்மா மதினியின் தொங்கும் கையைப் பார்த்தார். விசிலைக் கீழே விட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஆயிரத்து எரநூறு. ஒத்தப் பைசா கொறையாது."

இப்போது சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடிதான். மதினியின் வாய் அந்தச் சொல்லுக்குத்தான் போனது. ச என்று வந்துவிட்டது. அதோடு நின்றது. உதட்டை மடித்து விழுங்கினார்.

"ஆகாது."

சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று தெரிந்தவர் நடக்கும் நடை அது. அந்த அம்மாவும் கூப்பிட்டார்.

"ஏக்கா, வாங்க, ஆயிரத்துக்கு முடிச்சுக்கிருவோம்!"

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. மேலே சுறா ஒன்று போனது. அண்ணன் அதைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றார்.

இப்போது மதினிக்குப் பாதிப் பேச்சு வந்திருக்கிறது. உப்பு, ஊசி மாதிரிச் சின்னச் சொற்கள் இன்னும் பிடி கொடுக்கவில்லை. கேட்கும்போது தேடுகிறார், கிடைக்காமல் கையைக் காட்டுகிறார். கோபம் வந்தால் மட்டும் தடங்கலே இல்லை, கடகடவென்று வருகிறது. அதைக் கண்டுபிடித்ததிலிருந்து அண்ணன் தினமும் ஏதாவது ஒரு தப்புச் செய்கிறார். நேற்று ஆரப்பாளையத்திலிருந்து தேடிப் பொறுக்கி, ஒரு கிலோ சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தார்.