வெர்லின் டாக்கெட் ஒப்புக்கொண்ட குற்றம்

வெர்லின் டாக்கெட் வாயால் 'கொன்றுவிடுவேன்' என்று கேட்காத ஆள் எங்கள் ஆல்டர்டன் ஊரில் ரொம்பக் குறைவு. பால் வண்டிக்காரன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், "உன்ன வெட்டி ஃப்ரீசர்ல அடுக்கிடுவேன்" என்பாள். பழைய கணவர்கள் இரண்டு பேருக்கும் தலைக்கு நூறு தடவையாவது நாள் குறித்திருப்பாள். இருவரும் உடம்பு பெருத்துப்போய் நெவாடாவில் சுகமாக இருக்கிறார்கள். வாய்தான் அவளுக்கு எல்லாம். கை ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை.

ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாகச் சமைத்தாள். தினமும் நானூறு தட்டு. தட்டில் கேரட்டை ஒதுக்கும் பிள்ளைகளிடம் காதை அறுத்து சூப் வைப்பதாகச் சொல்வாள். அவர்களோ சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு சோள ரொட்டி கேட்பார்கள். 'மிஸ் வெர்லின்' என்று அந்தப் பிள்ளைகள் கூப்பிடுவதைத் தவிர அவளுக்கு வேறு பெருமை கிடையாது. அவளுக்கே அது தெரியும்.

அவள் குடியிருந்தது ஊருக்கு வெளியே பாதாம் தோப்பை ஒட்டிய டிரெய்லர் வீடுகள் குடியிருப்பில். அதற்கு மேனேஜர் ராய்ஸ் ஹாலெக். ஐம்பது டிரெய்லருக்கு மேனேஜர் என்றாலும் நடை என்னவோ ஆளுநர் நடை. வெர்லினின் ஓடாத பிக்கப் வண்டி இரண்டு வருடமாகச் செங்கல் மேல் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை அதை இழுத்துப் போகப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார். தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில், நான்கு பேர் பார்க்க, வெர்லின் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ராய்ஸ், என் வண்டி மேல கை வெச்சே, இந்த வாரமே உன் மண்டைய ஒடச்சு அந்த ரோஜாச் செடிக்கு உரமாப் போட்டுடுவேன்!"

நான்கு பேரும் சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தார். சனிக்கிழமை குடியிருப்பில் எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாள். வெர்லின் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பு ஒரு அண்டா கொண்டுவந்தாள். மண்டையை உடைக்கப்போகிறவள் கையால் சமைத்ததை அந்த மனிதர் இரண்டு கிண்ணம் வாங்கித் தின்றார். மூன்றாவதைக் கேட்கத்தான் கூச்சப்பட்டார்.

வண்டி மட்டும் நகரவில்லை. அதனால் திங்கட்கிழமை அவருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய், ஆறு நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்வதாக எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை வெர்லினைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் மாவட்டத்து அரசு வக்கீல்களுக்கு ஒரு பழக்கம். கோபத்தில் எவன் எதைச் சொன்னாலும் முதலில் அதைப் பெரிய குற்றமாக எழுதிவிடுவார்கள். பிறகு, ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பதாகப் பேரம். மிரட்டல் வழக்கென்று வருடத்துக்கு இருநூறு பேர் வந்தால், விசாரணை வரை போகிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களெல்லாம் வெள்ளிக்கிழமை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். நீதி இங்கே வாராவாரம் வெள்ளிக்கிழமை தள்ளுபடி விலையில் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு இலவச வக்கீல் வந்து நின்றார். பெயர் கியர்னன். கையில் முப்பது கோப்புகள்.

"வேலை என்ன, மிஸ் டாக்கெட்?"

"சமையல்."

"எங்க? ஓட்டலா?"

தனக்குக் காய்ச்சல் என்று பக்கத்து டிரெய்லர்காரி மூலம் பள்ளிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள் வெர்லின். பள்ளியின் பெயர் கோப்பில் ஏறினால் விஷயம் அங்கே போய்விடும் என்று பயந்தாள்.

"ஆமா, அப்பிடித்தான்."

அவர் ஓட்டல் என்று எழுதிக்கொண்டார். சில்லிக் கதையைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அந்தாளு நெசமாவே பயந்துட்டே இருந்தாராங்கறதுதான் கேஸே. ரெண்டு கிண்ணம் தின்ன ஆள ஜூரி முன்னாடி நிறுத்தினா சிரிச்சே விட்டுருவாங்க."

"அப்ப ஜெயிச்சுக் குடுய்யா."

"ஜெயிக்கலாம். ஆனா விசாரணைக்கு அறுபது நாள் ஆகும். ஜாமீன் கட்ட வழி இருக்கா?"

"என்னப் பாத்தா இருக்கற மாதிரியா தெரியுது?"

"அப்ப அறுபது நாளும் உள்ளதான். தோத்துட்டா மூணு வருஷம்கூடக் குடுப்பாங்க. இன்னைக்கே குத்தத்த ஒப்புக்கிட்டா, ஜெயில் கெடையாது, வெறும் கண்காணிப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

"திங்கக்கெழம வேலைக்குப் போலாமா?"

"தாராளமா. ஓட்டல்காரங்க இதெல்லாமா பாக்கப்போறாங்க?"

வெர்லின் அதைத் திருத்தவில்லை. நானூறு தட்டு அவள் கண் முன்னால் நின்றது.

நீதிபதி கேள்விகளைக் கடகடவென்று படித்தார். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லச் சொல்லியிருந்தார் கியர்னன். சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ஒப்புக்கொள்ளும்படி யாராவது உங்களை மிரட்டினார்களா?"

"இல்லங்க."

அறுபது நாள் உள்ளே, தோற்றால் மூன்று வருடம் என்று கம்பி வழியாகச் சொன்னார்களே, அதற்கு எந்தச் சட்டத்திலும் மிரட்டல் என்று பெயரில்லை. ரோஜாச் செடிக்கு உரமாகப் போடுவேன் என்பதுதான் மிரட்டல். நாலரை நிமிடத்தில் வெர்லின் டாக்கெட் கொடுங்குற்றவாளி ஆனாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே சமையலறையைத் திறந்தாள். பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பள்ளியில் வேலை பார்ப்பவர்களின் கைரேகை மாநிலத்திடம் இருக்கிறது. யாரைப் பிடித்தாலும் தகவல் தானாக வந்துவிடும். அவள் மறைத்த விஷயம் புதன்கிழமையே இங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அலுவலகப் பெண்மணி கணினியைப் பார்த்தே பேசினாள். இந்தக் குற்றத்தில் தண்டனை ஆனவர்களைப் பள்ளியில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது, இன்றோடு சரி என்றாள். பக்கத்தில் ஊழியர் சங்கத்துக்காரி ஒஃபீலியா பஸ்டிடா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடச் சிநேகிதி.

"அரெஸ்ட்டுக்கெல்லாம் வேல போகாதுடி. புதன்கெழமையே சம்பளமில்லாத லீவுக்கு எழுதி வாங்கி வெச்சுட்டேன். தொண்ணூறு நாள். உனக்குச் சொல்ல ஜெயிலுக்குப் போன் போட்டா, எடுக்க நாதியில்ல."

"அப்ப உள்ளயே கெடந்திருந்தா?"

"அறுபது நாள் கழிச்சு இதே அடுப்பு முன்னாடி நின்னுருப்ப."

இருபத்திரண்டு வருடத்தைக் காப்பாற்ற ஓடிவந்தவள், ஓடிவந்ததாலேயே அதைத் தொலைத்திருக்கிறாள்.

"ஒஃபீலியா, நான் அப்படி ஒண்ணும் செய்யலடி. சும்மா வாய். ஊருக்கே தெரியும்."

அலுவலகப் பெண்மணி முதல்முறையாகக் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"செஞ்சேன்னு நீங்கதானே மேடம் கோர்ட்ல சொல்லியிருக்கீங்க? சாவிய வெச்சுட்டுப் போங்க."