ஊருக்கு எப்போ போற?

மக்காச்சோளம் வெயில்ல காயுற வாசனை... பைலகுப்பேன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அதுதான்.

கர்நாடகாவுல இருக்கிற திபெத் அகதிங்க குடியிருப்பு அது. ஒயரிங் வேலைக்குப் போயிருந்தேன். ஜவ்வாது மலையை விட்டு அவ்ளோ தூரம் போனது அதான் முதல் தடவை. எங்க மலையில சாமை காய வெப்போமே, அதே மாதிரி வாசலுக்கு வாசல் சோளம். ஆனா முகம் வேற, பாஷை வேற... கன்னடமும் சுத்தமா வராது. திருதிருன்னு முழிச்சிக்கிட்டு நின்னேன்.

"இன்னாப்பா, சாப்ட்டியா?"

திரும்பிப் பார்த்தா ஒரு திபெத்துக்கார அக்கா! டோல்மான்னு பேரு. வருஷா வருஷம் வேலூர்ல ஸ்வெட்டர் விக்க வந்து கத்துக்கிட்ட தமிழாம். எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு.

தங்குனது அவங்க வூட்லதான். பிரச்சனை அவங்க அப்பாதான். போன அன்னைக்கே அவங்க பாஷையில ஏதோ கேட்டாரு. நான் ஊருக்கு எப்போ போறேன்னு கேக்குறாருன்னு அக்கா சொன்னாங்க.

சுருக்குனு ஆயிடுச்சு. வந்தவங்களை நம்ம பக்கம் அப்படிக் கேப்பமா? மறுநாளும் அதே கேள்வி. மூணாம் நாள் பையைத் தூக்கிட்டேன், வேற எடம் பார்த்துக்கிறேன்னு.

அக்கா முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க:

"கோச்சிக்காதப்பா. சின்னப் புள்ளையா திபெத்துலேருந்து பனியில நடந்து வந்தவரு. திரும்பிப் போவ முடியல. ஊருக்குப் போறவங்களைப் பார்த்தா ஆசையா கேப்பாரு."

வெக்கமா போச்சு. அதுக்கப்புறம் அவரு கேட்டா, எந்த பஸ்ஸு, போளூர்ல எறங்கி மலை பஸ்ஸுக்கு எவ்ளோ நேரம் காத்துக் கெடக்கணும், எல்லாம் சொல்லுவேன். அக்கா அதை அவங்க பாஷையில சொல்லச் சொல்ல, தானே கெளம்புற மாதிரி கேட்டுக்கிட்டு இருப்பாரு.

வருஷம் ஓடிப்போச்சு... போன மார்கழியில வேலூர் ஸ்வெட்டர் கடையில டோல்மா அக்காவைப் பார்த்தேன். அப்பா தவறிட்டாராம். கடைசி வரைக்கும் போகவே இல்லியாம்.

கடை எத்தினி நாளைக்குன்னு கேட்டேன்.

"பொங்கலோட முடிச்சிக்கிட்டு ஊருக்குப் போறோம்பா."

அவங்க சொன்ன ஊரு பைலகுப்பே. பெரியவரு ஒருநாளும் அதை ஊருன்னு சொன்னதில்ல. அக்கா ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு ஸ்வெட்டரை மடிச்சிக்கிட்டு இருந்தாங்க.