வேலிக்குள் பதினொரு குழாய்

காலடி தேடுகிற வேலையில் முதலில் முழங்கால் நோகும், பிறகு கோபத்தை மென்று மென்று தாடை நோகும். சனத்தோடு மாரடிக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பேர்ண் நகர ஓரத்து மாடிவீடுகளுக்கு நடுவிலுள்ள பற்றைவேலியில் ஹாசல்மௌஸ் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எலி மாதிரிக் கட்டைவிரலளவு பிராணி, அழிந்துகொண்டு வருகிறது. நிலத்தில் இறங்கப் பயந்து கொப்புக்குக் கொப்பு தாவித்தான் போகும். கொப்புகளில் குழாய் கட்டி உள்ளே மையும் வெள்ளைத் தாளும் வைப்போம். நடந்தால் கால் பதியும். பனி விழமுதல் கால் பதிந்தால் வேலியைத் தறிக்கமாட்டோம், இல்லாவிட்டால் அதில் கார் நிறுத்துமிடம் என்று வீட்டு நிர்வாகம் எழுதித் தந்திருந்தது.

யன்னல்

மகளை முதுகில் கட்டிக்கொண்டு வேலிக்குள் குனிந்து நின்றேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவுநாடா. மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தா. என் நிறத்தைக் கண்டதும் என் வேலையையும் தானே தீர்மானித்துவிட்டா.

"படி கூட்டுறது வெள்ளிக்கிழமை எல்லோ, இண்டைக்கு ஏன் வந்தனீங்கள்?"

சுத்தம்

மூன்று கிழமையாக ஒரு தாளிலும் ஒன்றுமில்லை. குழாய்களோ கடையில் வாங்கின அன்று போல மினுங்கின. கடைசியில் பார்த்தால், கட்டடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட், நான் வருவதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புதுத் தாளும் வைத்திருக்கிறார். பிள்ளை கேட்கக்கூடாத சொல்லொன்று வாய்வரை வந்து திரும்பிப் போனது. அவருக்கோ பெருமை.

"தாளெல்லாம் கறுப்புப் புள்ளி. உங்களுக்கு மேலிடத்தில பேச்சு விழுமெண்டுதான் மாத்தினனான்."

வட்டம்

அவரிடம் கெஞ்சி, துணியைக் கீழே வைக்கப்பண்ணின பிறகு, அடுத்த கிழமையே ஏழாவது குழாயில் கால் பதிந்திருந்தது. மூக்குத்தி அளவில் நாலு கால். படமெடுத்து, வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டு அன்றைக்கே நிர்வாகத்துக்கு அனுப்பினேன்.

திரும்பப் போனபோது வேலி இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெறும் மண். நடுவில் ஒரேயொரு பற்றை, அதில் என் ஏழாவது குழாய். இனி அந்தப் பிராணி எங்கே தாவும்? நிர்வாகத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கத்தினேன். முதுகிலிருந்து மகளும் சேர்ந்து கத்தினாள். அங்கே இருந்தவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆனா நீங்கள் வட்டம் போட்ட பற்றையை நாங்கள் தொடவேயில்லையே."

அந்தப் பிராணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை, கண்டுபிடித்த பிறகும் அது அங்கே இருக்கவேண்டும் என்பது யாருடைய வேலையிலும் இல்லையாம்.