உப்பு ஏற்றிய சைக்கிள்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே, ஓர் ஆணியில் பழைய சைக்கிள் கேரியர் ஒன்று தொங்குகிறது. சைக்கிள் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. கேரியரை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தில் அதற்கும் ஒரு பொட்டு வைப்பேன். என் மருமகள் முதலில் சிரித்தாள். இப்போது நான் மறந்தால் அவளே வைக்கிறாள்.

அது என் நாத்தனாரின் சைக்கிள். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எண்பதுகளின் கடைசியில், புருஷனை இழந்து, பையனோடு இரும்புலியூரில் எங்களுடனேயே இருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் ஆயா வேலை. பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய் முப்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டவர். அந்த வருஷம் பையனுக்கு அம்மை போட்டு, கண் வரைக்கும் இறங்கிவிட்டது. பார்வை தங்கினால் சமயபுரத்துக்கு என் கால் பலத்திலேயே வந்து உப்பு கொட்டுகிறேன் தாயே என்று அண்ணி வேண்டிக்கொண்டார். தாய் கண்ணைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் ஆயாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு இல்லை. நடந்தால் போகிற வழிக்கே அது போதாது. அண்ணி இரண்டு நாள் யோசித்துவிட்டு, "மிதிச்சுக்கினு போறேன். அதுவும் என் காலுதானே" என்றார்.

அவர் தம்பிக்கு, என் வீட்டுக்காரருக்கு, மனசில்லை. கடைசியில் தன் சைக்கிளில் கூட வருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு நிபந்தனை போட்டார். கேரியரில் மணல் மூட்டையோடு பொத்தேரி வரை போய், எங்கும் இறங்காமல் திரும்பிவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவார். முதல் தடவை வண்டலூர் தாண்டி ஒரு மேட்டில் இறங்கிவிட்டார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். டீக்கடையில் ஒருவன், "இன்னாக்கா, டெல்லிக்கா?" என்றானாம். "ஆமாம்பா. மணலை இறக்கிட்டு உன்ன ஏத்திக்கினு போறேன், வா" என்றாராம் இவர். மழைக்காலம் தொடங்குவதற்குள் இறங்காமலே போய்வந்தார்.

பிறகுதான் உப்பு வரத் தொடங்கியது. பிள்ளைக்கு நோய் கண்டால் உப்பும் மிளகும் எடுத்துத் தலையைச் சுற்றி மஞ்சள் துணியில் முடிந்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோயிலுக்குப் போகிறவர் யாரானாலும் அவரிடம் கொடுத்துக் கொட்டச் சொல்வார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாக ஒரு பிடிதானே என்று கொண்டுவந்தார்கள். அண்ணி ஒருவரையும் வேண்டாமென்று சொல்லவில்லை. சாமி அலமாரிக்குக் கீழே முடிச்சுகள் குவிந்து, மணல் மூட்டையையே மிஞ்சிவிட்டன. "உப்பு அங்கயே விக்குது. வாங்கி எல்லார் பேர்லயும் கொட்டிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணி முடிச்சுகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அது கடை உப்புடா. இது அந்தப் புள்ளைங்க ஜுரம்."

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் வந்து மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கேரியர் தாங்காது, பாதி இறக்கித்தான் ஆகவேண்டும் என்றார். அண்ணி போர்வையை இறக்கி வைத்தார். மாற்றுப் புடவையை இறக்கி வைத்தார். நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுத் தூக்கையும் இறக்கினார். ஒரு முடிச்சைக்கூடத் தொடவில்லை. பாய் கடைக்குப் போய், ஒரு கம்பி கொண்டுவந்து கேரியருக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அவரே ஒரு சின்னப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

"எங்க பாப்பாவுக்கு அம்மை போட்டப்ப நீதான்க்கா வேப்பிலை கொணாந்து குடுத்தே. அவ தலைய சுத்தி எடுத்தது. இத்தையும் சேத்துக் கொட்டிடு."

"இறக்குன்னு சொன்ன ஆளே ஏத்துறியா பாய்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அண்ணி அதற்குள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விடிந்ததும் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஸ்டாண்டைத் தள்ளியதும் சைக்கிள் ஒருபக்கமாகச் சாய்ந்தது. என் வீட்டுக்காரர் பிடிக்க ஓடினார். "வுடு. நான்தான் தாங்கணும்" என்றார் அண்ணி. நிலையிலிருந்து தேர் கிளம்புவதுபோல வண்டி ஒருமுறை ஆடி நிமிர்ந்தது. பழம் நசுங்கியது. என் கைகள் தாமாகக் குவிந்தன. அத்தனை முடிச்சில் அவருடைய வேண்டுதல் ஒன்றுதான். தெருப் பிள்ளைகளின் காய்ச்சலையெல்லாம் கேரியரில் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிப் போனார்.

லீவு முடிவதற்குள் இருவரும் திரும்பினார்கள். திண்டிவனத்தில் மழை பிடித்ததாம். தலைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை அண்ணி உப்பின் மேல் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே மிதித்தாராம். அப்படியும் ஈரம் ஏறி, உப்புத் தண்ணீர் கேரியரில் வழிந்து இரும்பை அரித்துவிட்டது. மிச்சமிருந்த உப்பையெல்லாம் சன்னதியில் கொட்டியாயிற்று.

அண்ணி இன்று இல்லை. அவர் பையன் இப்போது அதே ரோட்டில் வேன் ஓட்டுகிறான், மூக்குக்கண்ணாடி இல்லாமல். நானோ அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கவே பயப்படுகிறேன். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் கேரியரின் குழிகள் இன்னும் வியர்க்கின்றன. எந்த வீட்டுப் பிள்ளையைச் சுற்றி எடுத்த உப்போ, தெரியாது. துடைக்காமல் அதன் மேலேயே பொட்டு வைக்கிறேன்.